நிறுத்துமிடம்

களியக்காவிளையில் பெர்மிட் போட்டு
பதினோரு வருடமாக இந்த ஊருக்கு ஆளேற்றுகிறேன்.
திங்கட்கிழமை சவாரி எடுப்பதில்லை;
மிருகங்களுக்கும் அன்றுதான் லீவு.

எனக்குத் தெரிந்த திருவனந்தபுரம் வேறு.
குதிரைமாளிகை என்றால்
வண்டிக்குள் விட்டுப்போன ஒன்பது ஜோடிச் செருப்பு.
மேத்தன்மணி என்றால்
மணிக்கொருமுறை இரண்டு ஆடுகள்
தாடிக்காரன் கன்னத்தில் முட்டுவதை
அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் முதுகு.
மியூசியம் ஒரு மரநிழல்,
பதினொன்றரைக்கு மேல் அது அடுத்த வண்டிக்குப் போய்விடும்.
என் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும்
பத்து ரூபாய் கூட்டிக் கேட்கும் பார்க்கிங் சேட்டன்,
தமிழில் திட்டினால் மலையாளத்தில் சிரிப்பான்.

போன புதன்கிழமை, சுரண்டைக்காரக் குடும்பத்தில்
ஒருத்திக்குத் தலைச்சுற்றல்.
சீட்டு ஒன்று மிச்சம்.
"நீங்க போயிட்டு வாங்க ஜெபசிங்,
வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்
முன்சீட்டில் சாய்ந்து, எலுமிச்சையை முகர்ந்தபடி.

உள்ளே, வண்ணக் கண்ணாடி வழியே விழுந்த வெயில்
என் காக்கியில் சிவப்பாக ஒரு பட்டை போட்டது.
வெண்கலச் சாமிகளைச் சீக்கிரம் கடந்தேன்.
மரத்தேர் முன்னால்தான் கால் நின்றது.
கோபுரத்தை விட்டுவிட்டுக் குனிந்தேன்:
அச்சு, தேய்மானம்,
ஒரு பக்கம் இழுத்திருக்கிறதோ என்று.
ஓடின வண்டிதான்.
இதற்கும் முட்டுக்கட்டை போட ஒருவன் இருந்திருப்பான்,
சாமி பக்கம் திரும்பாமல்
சக்கரத்தையே பார்த்துக்கொண்டு.

வெளியே வந்தால் நிழல் நகர்ந்திருந்தது.
"என்ன பாத்தீங்க?"
"டயர்."
சிரித்தாள்; தலைச்சுற்றல் போயிருக்க வேண்டும்.
மற்றவர்கள் வர அரைமணி ஆகும்.
வண்டியைக் கிளப்பி
இருவரும் வேறு மரம் தேடினோம்.