ஒன்றுக்கு இருநூறு

வான்கூவரில் நான் செய்யும் வேலைக்கு
மழை ஆகாது.
ஒன்றுக்கு இருநூறு என்ற அளவில்
மனிதன் எட்டரை மில்லிமீட்டர்,
நாய் மூன்று,
மழைத்துளிக்கு அளவே கிடையாது.
அதனால் என் நகரத்தில் எப்போதும் ஜூன் மாதம்.
மேப்பிள் இலை உதிர்வதில்லை,
யாரிடமும் குடை இல்லை.

ஹேஸ்டிங்ஸ் தெருவில் மீன் கிடங்கு இருந்த இடத்தில்
நாற்பத்திரண்டு மாடி வருகிறது.
பெயர் 'சால்ட்ஹவுஸ்'.
மீன் போய்விட்டது, உப்பு மிஞ்சியிருக்கிறது,
அதுவும் பெயரில்.
"இங்கே வானம் உங்கள் பெயரில்" என்று
பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.
கீழே பெஞ்சின் நடுவில் புதிதாக ஓர் இரும்புக் கைப்பிடி,
யாரும் படுத்துவிடாதபடி.

விற்பனைப் பிரிவின் கொரின் ஹால்டேன்
குறிப்பு அனுப்பியிருந்தாள்:
ஒவ்வொரு பால்கனியும் தெரிய வேண்டும்.
வெளிச்சம் மஞ்சள், வீடு திரும்பும் நேரத்து மஞ்சள்.
மனிதர்கள் நூறு பேர், எல்லாரும் நடப்பவர்கள்.
உட்கார்ந்திருப்பவர் காபிக் கடையில் மட்டும்.
சுற்றியுள்ள கட்டடங்கள் பால் நிற அக்ரிலிக்.
அவற்றுக்கு ஜன்னல் வேண்டாம். கண் அலையக் கூடாது.

கண் அலையாமல் செய்தேன்.
அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து,
பதினேழு கட்டடங்கள்.
அதில் ஒன்று ரோஸ்லின் ஹோட்டல்.
நிஜத்தில் செங்கல், ஐந்து மாடி,
மாடிக்கு ஒரே குளியலறை,
மாத வாடகைக்காரர்கள்.
என் மேசையில்
ஒரு சோப்புக்கட்டி.

விற்பனை தொடங்கி மூன்றாவது வாரம்
பென்ட்ஹவுஸில் ஒரு விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டார்கள்.
மாதிரியின் அடியில் மல்லாந்து கிடந்தேன்.
இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன.
ஒன்று கொரினுடையது.
மற்றதில் வலது ஷூவை டேப் சுற்றிக் காப்பாற்றியிருந்தது.
இலவச எஸ்பிரெஸோவுக்கு வந்தவர்.
லெஸ்டர் பெல்கார்ட் என்று பதிவேட்டில் முழுப் பெயர், முழு விலாசம்.
பட்ஜெட் என்ற கட்டத்தில் 'ஆம்'.

"இதில் என் ஜன்னல் எங்கே?"
கொரின் கெட்டவள் இல்லை. குனிந்து தேடினாள்.
"இதுதான் சார் உங்கள் கட்டடம்."
"கட்டடம் தெரிகிறது. ஜன்னல்?"

அவர் போன பிறகு கத்தியை எடுத்தேன்.
நான்காம் மாடி, இடமிருந்து இரண்டாவது என்று சொல்லியிருந்தார்.
உயரம் ஏழு மில்லிமீட்டர், அகலம் ஐந்து.
ஏன் செய்தாய் என்றால்
கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடியில் ஓடும் மஞ்சள் வெளிச்சம் கசிந்து
அந்தக் கீறலில் வந்து நின்றது.
வாங்க வந்தவர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு
"அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை மின்னஞ்சல்:
அற்புதம். பதினேழிலும் ஜன்னல் வேண்டும்.
'உயிருள்ள சுற்றுப்புறம்' என்று
புதிய பிரசுரத்தில் போடுகிறோம்.
வெட்டினேன். மணிக்கு நாற்பத்தைந்து டாலர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள்,
ஒவ்வொன்றிலும் யாரோ விழித்திருப்பதுபோல.
மேற்குப் பக்க வீடுகள் ஏழே நாளில் தீர்ந்தன.

மார்ச்சில் மறுபடி கூப்பிட்டார்கள்.
ரோஸ்லினை மட்டும் கழற்ற வேண்டும்,
இரண்டாம் கட்டம் அங்கேதான்.
வெளியே அதே மழை.
ஹோட்டல் வாசலில் மெத்தைகள்
சுவரில் சாய்ந்தபடி ஊறிக்கொண்டிருந்தன.
லெஸ்டரைப் பற்றிக் கேட்டேன்.
சர்ரே பக்கம் போய்விட்டார் என்றார் ஒருவர்.
இல்லை, ஆஸ்பத்திரி என்றார் இன்னொருவர்.
இருவரும் ஒரே வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போய் மேசைக்கு அடியில் படுத்தேன்.
இரண்டே திருகாணிகள்.
ஐந்து மாடியையும் இதுவரை பிடித்திருந்தவை.
கழற்றிய இடத்தில் ஒயர் வெளியே தெரிந்தது.
கொரின் ஒன்றும் சொல்லாமல்
விலைப்பட்டியலை அதன்மேல் வைத்தாள்.

கட்டடம் என் கோட்டுப் பையில் இருக்கிறது.
பேருந்துக்கு நிற்கையில் கை அதைத் தேடிப் போகிறது.
முதலில் வெட்டிய ஜன்னல் எது என்று
விரலுக்குத் தெரியும்.
அதன் விளிம்பு மட்டும் கோணல்.