ஒன்றரைப் பாகம்

முன்பதிவுப் படிவத்தில் எழுதியிருந்தார்:
ஒருவர் மட்டும். கோட்டைகள், கடலோர ஊர்கள்.
காலை எட்டு முதல் மாலை ஐந்து.
தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டும்.
இங்கே ஊர் ஒன்றுதான், முழுசாய்க் கோட்டை ஒன்றும் கிடையாது
என்று பதில் எழுத நினைத்து
விலையை மட்டும் எழுதி அனுப்பினேன்.

கிளாடியஸ் வில்லவராயர்.
தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் பைலட்.
வழி தெரியாத கப்பல்களை உள்ளே கூட்டிவந்தவர்
என் வேனின் முன்சீட்டில் கேட்காமல் ஏறிக்கொண்டார்.
மடியில் சுருட்டிய வரைபடம்,
கப்பல் உடைக்கும் இடத்தில் எடைக்கு வாங்கியதாம்:
சிங்கப்பூர்க் கடல், ஆழ எண்களோடு.

கேனிங் மலையில் வாசலைக் காட்டினேன்.
கனத்த கதவு. பின்னால் கோட்டை இல்லை, புல்.
"இடித்துவிட்டுத் தண்ணீர்த் தேக்கம் கட்டினார்கள்."
கதவின் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு
"கோட்டை விட்டுட்டாங்க" என்றார்.
இந்தச் சிலேடைக்கு வருடத்தில் நூறு முறை சிரிக்கிறேன்.
அவருக்கும் சிரித்தேன்.

சிலோசோவில் பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி.
எதிரி வடக்கிலிருந்து, தரைவழியாய், சைக்கிளில் வந்த கதையை
நான் ஒப்பித்துக்கொண்டிருக்க
"அந்தக் கப்பல் இன்னும் கொஞ்சம் ஒதுங்கணுமே"
என்று தூரத்தைப் பார்த்துத் தவித்தார்.
அது ஒதுங்கியபின்தான் கோப்பி குடித்தார்.

தெலுக் ஆயரில், நாகூர் தர்கா எதிரே,
"இதுதான் கரை" என்றேன்.
"இறங்கியவர்கள் இங்கேதான் முதலில் நன்றி சொன்னார்கள்."
எதிரே வங்கிகள்.
வரைபடத்தை வேன் மூக்கின்மேல் விரித்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
பச்சை மனிதன் எரியுமுன்னே தெருவைக் கடந்துவிட்டார்.
"சாப்பாட்டுப் பொட்டலத்தோட அந்தப் பொண்ணு நிக்கிறாளே,
அங்க ரெண்டு பாகம்."
பாகம் என்றால்?
நடைபாதை நடுவில் இரண்டு கையையும் விரித்தார்,
இந்த விரல்நுனி முதல் அந்த விரல்நுனி வரை.
மதிய இடைவேளைக் கூட்டம்
அவரைச் சுற்றிப் பிரிந்து ஓடியது.

காத்தோங் பூங்காவில் புல்லுக்கு அடியில் இருக்கிறது கோட்டை.
தோண்டினார்கள், அளந்தார்கள், திரும்ப மூடினார்கள்.
மேலே ஊஞ்சல், ஒரு நாய், ஒரு பணிப்பெண்ணின் தொலைபேசிப் பேச்சு.
"இதுக்குக் கடல் எங்க?"
விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம், என்று கைகாட்டினேன்.
பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி
மண்ணைப் பட்டையில் ஓடவிட்டுக் கடலில் கொட்டியதைச் சொன்னேன்.
உரிமத் தேர்வுக்குப் படித்தது. முழு மதிப்பெண்.
நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார்.
"கோட்டையா அழிச்சாங்க, மிஸ் தேன்மதி?
கோட்டைத்தான் அழிச்சிருக்காங்க."
அவர் விரல் பழைய கரையோரம் ஊர்ந்த பிறகே
இரண்டாவது கோட்டை
ஒரு கோடு என்று எனக்குப் புரிந்தது.
இதற்கு நான் சிரிக்கவில்லை.

"உங்க வீடு எங்க?"
பயணத் திட்டத்தில் இல்லாத கேள்வி.
மரின் பரேட், அதோ தெரியும் புளோக், ஒன்பதாம் மாடி.
குனிந்து தேடினார்.
"ஒன்றரைப் பாகம்."
எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாய் ஓர் எழுத்து.
"அடியில சேறு. நங்கூரம் நல்லாப் பிடிக்கும்."
ஆறுதலாகச் சொன்னாரா, தெரியவில்லை.

ஐந்து மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது.
கூடுதல் நேரத்துக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.
கேட்கவில்லை.

இரவு, புளோக்கின் கீழ்த்தளத்தில் யாருமில்லை.
நாளைய மலாய்த் திருமணத்துக்கு
அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பூனை.
பையைத் தரையில் வைத்துவிட்டுக்
கைகளை விரித்தேன். ஒன்று.
அரைப் பாகத்துக்கு எப்படி விரிப்பது என்று
அவர் சொல்லவில்லை.
ஒரு கையை மடக்கிப் பார்த்தேன்.
லிஃப்ட் வந்தது, திறந்தது,
யாரையும் ஏற்றாமல் மூடிக்கொண்டது.