எடைச் சீட்டின் பின்பக்கம்

காலை ஏழரைக்கு பகாவ் திடல் பாதி ஈரம்.
ராத்திரி மழை. இரண்டாம் தளத்தைச் சுற்றி
மரத்தூள் கொட்டியிருந்தார்கள்.
லோரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு
(ஏழு டன் செம்பனைக் குலை, இன்னும் ஆலைக்குப் போகவில்லை)
வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்பத்தொரு பிள்ளைகள். பதினைந்து இடம்.
முதுகில் ஊசி குத்திய எண்கள்.
என் மகள் லோகேஸ்வரி முப்பத்தொன்று.

சட்டைப் பையில் நேற்றைய எடைச் சீட்டு இருந்தது.
பின்பக்கம் வெள்ளை.
கோடு போட ஆரம்பித்தேன்.
தரையில் உருண்டு வந்தது ஒன்பது, பிடித்தது எட்டு.
வானத்துக்குப் போனது நான்கு, நான்கும் கையில்.
அடித்தது ஆறில் நான்கு; ஒன்று வேலியை உரசியது
என் விரலுக்குப் பக்கத்தில்.

கூடாரத்தில் மூன்று நாற்காலி.
பயிற்சியாளர். பொருளாளர்.
மூன்றாமவர் நாசி லெமாக்கைப் பிரித்து வைத்திருந்தார்.
முப்பத்தொன்று பாய்ந்து விழுந்து பந்தை எடுத்தபோது
அவர் நெத்திலியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.
அதையும் எழுதினேன்.

எனக்குப் பழக்கமான பார்வைதான்.
ஆலை வாசலில் ஐம்பது குலையை இழுத்துப் போட்டு
பழுத்தது, பழுக்காதது, காம்பு நீளம் என்று
கொக்கியால் தட்டிவிட்டு
லோரி மொத்தத்துக்கும் மூன்று விழுக்காடு கழிப்பார்கள்.
அடியில் கிடக்கும் குலையை யாரும் கேட்பதில்லை.

பட்டியல் ராத்திரி பத்தே காலுக்கு வந்தது,
கைப்பேசியில், எண்கள் மட்டும்.
இருபத்தெட்டு. முப்பது. முப்பத்து மூன்று.
ஈப்போ பயணத்துக்கு முந்நூற்று எண்பது ரிங்கிட்,
வெள்ளிக்குள்.
அதன் கீழே வாழ்த்துகள், கட்டைவிரல்கள்.

நான்காம் எண் இருந்தது. பொருளாளர் மகள்.
இரண்டு பந்தைக் கால் நடுவே விட்டவள்.
என்னிடம் கணக்கு இருக்கிறது.

‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தட்ட ஆரம்பித்தேன்.
லோகா பல் தேய்த்துக்கொண்டே வந்து
தோளுக்கு மேல் படித்தாள்.

“ஒம்பது இல்லப்பா, பன்னெண்டு.
வழி விடச் சொல்லி ஹார்ன் அடிச்சாங்கல்ல,
நீங்க லோரிய நகத்தப் போனீங்க.
அப்ப மூணு விட்டேன்.”
போய் நுரையைத் துப்பிவிட்டு வந்தாள்.
“நாலாம் நம்பர் நல்லா எறிவா. பிடிக்கத்தான் வராது.
எழுதுறதுன்னா பத்தொம்பதுக்கு எழுதுங்க.”

பத்தொன்பது யார்?

தவநிதி. மூணாம் டிவிஷன். பஸ்ஸில் வந்தவள்.
இடக்கைக்காரி; பள்ளியில் அவள் கைக்கு உறை இல்லை.
லோகாவின் உறையைத்தான்
இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.
இடக்கையில் பிடித்து, உறையை உதறிக் கழற்றி,
அதே கையால் பந்தை எடுத்து எறிய வேண்டும்.
“அப்படியும் ஏழு பேர அவுட்டாக்கினா.
தாள்ல என்ன எழுதினாங்க தெரியுமா?
ஸ்லோ.”

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
முப்பத்தொன்றுக்கு வரிசையாகக் கோடுகள்,
நான்காம் எண்ணுக்கு இரண்டு,
நெத்திலிக்கு ஒன்று.
பத்தொன்பது என்று ஓர் எண்ணே இல்லை.
என் கண்ணெதிரே ஏழு முறை
என் காசில் வாங்கிய உறை கழன்று விழுந்திருக்கிறது.

இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி
ஒரு மணிக்கு எட்டாயிரம் ரப்பர் கையுறை பார்ப்பவள்.
“எங்க ஃபேக்டரி உறைக்கு இடது வலது கிடையாது,
எந்தக் கையிலயும் ஏறும்” என்றாள்
செருப்பை மாட்டியபடி, யாரிடமும் இல்லாமல்.

‘மதிப்பிற்குரிய ஐயா’ வரை விட்டுவிட்டு
மீதியை அழித்தேன்.
“மொத்தம் எத்தன பிடிச்சா அந்தப் பொண்ணு?”

“தெரியல. நானும் என் நம்பரத்தான் எண்ணிட்டிருந்தேன்”
என்று விளக்கை அணைத்தாள் லோகா.

பிறகு வெகுநேரம்
இருட்டில், அவள் அறைக்குள்ளிருந்து
உறையின் உள்ளங்கையில் முட்டி இறங்கும் சத்தம்.
வெளியே லோரியில் குலைகள்
எடை குறைந்துகொண்டிருந்தன.