மூக்கில் ஒரு வெட்டு

சேலம் அலுவலகப் பதிவேட்டில்
அவன் என் கையெழுத்தில் இருக்கிறான்:
வெள்ளி. மூன்றரை கிராம். கிணறு வெட்டியபோது கிடைத்தது.
தடித்த கழுத்து, பக்கவாட்டு முகம்,
மூக்கில் ஒரு வெட்டு.

நாணயத்தை வெளியே எடுத்துப்போகக் கூடாது.
டைரித் தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து
சாம்பல் நிறத்தில் நீரோவை மட்டும் எடுத்துக்கொண்டு
சனிக்கிழமை ஏற்காடு பஸ் ஏறினேன்.
அக்கா மகள் பள்ளியில் ஆண்டு விழா.
ஒன்பதாவது கொண்டை ஊசியில் பக்கத்து சீட்டுக்காரர் வாந்தி எடுக்க
சக்கரவர்த்தியை மடித்துக் கைப்பைக்குள் காப்பாற்றினேன்.

பாட்டாலேயே நாடகம் கட்டிய இத்தாலிக்காரர்கள்
முதலில் தேவர்களைத்தான் பாடவைத்தார்களாம்.
தேவர்கள் அலுத்ததும் பழைய சரித்திரத்தைத் திறந்தார்களாம்.
அங்கே மனுஷர்கள் இருந்தார்கள், என்றார் சிஸ்டர் அடலின்,
மைக்கைத் தட்டித் தட்டி.
"ராஜாவுக்கு உச்சக் குரல். அந்தக் காலத்து வழக்கம்.
யாரும் சிரிக்கக் கூடாது."

சிரித்தோம்.
போர்வை அங்கியும் அட்டைக் கிரீடமுமாக வந்து நின்றது
நாகலூர் ஜான்சிராணி, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.

பிறகு அவள் வாய் திறந்தாள்.
சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி போவதுபோல
பிடித்துப் பிடித்து மேலே போனது குரல்.
அந்தக் குரலில்தான்
குருவைச் சாகச் சொன்னான்.
கட்டியவளைக் கப்பலேற்றினான்.
எல்லாமே அழகாக இருந்தது,
அதுதான் எனக்குப் பயம்.
கடைசியில் புதியவளுக்குக் கிரீடம்.
இரண்டு குரலும் உரசி உரசி
எது யாருடையது என்று தெரியாமல் ஆகி,
திரை.

அடுத்த பக்கம் எனக்குத் தெரியும்.
மூன்றே வருடம். அவள் வயிற்றில் பிள்ளை.
ஓர் உதை என்கின்றன ஏடுகள்.
டிக்கெட் எடுத்த ஊருக்கு முன்னாலேயே
இறங்கிவிட்டது பாட்டு.

ஜான்சிராணியின் அப்பா
எஸ்டேட்டில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கிறவர்,
நான் சரித்திர ஆபீஸ் என்று யாரோ சொல்லி
டீ மேசையருகே வந்தார்.
"அந்தப் புள்ள அப்புறம் நல்லா இருந்துச்சுங்களா?"

"நாடகத்துல இருந்துச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை அவர்.
மேசைமேல் கிடந்த தாளைத் திருப்பினார்.
பச்சை மிளகு மணக்கும் விரல்
சாம்பல் முகத்தில் வந்து நின்றது.
"மூக்குல யாரு வெட்டுனது?"

மிளகுக்கு இதைத்தான் கொடுத்தார்கள்,
உள்ளே செம்பா என்று பார்க்க
உளி வைத்திருக்கிறான் விற்றவன்,
நம்ம பக்கத்து ஆளாகக்கூட இருக்கலாம், என்றேன்.

"நல்லாத்தான் வெச்சிருக்கான்"
என்று சொல்லிவிட்டு
போர்வையை மடித்து வைக்கப் போனார்,
மகள் கூப்பிட்டாள் என்று.