தேர்த்துகள்

தண்டர் பே துறைமுகத்தில்
தானியக் கிடங்கின் எடைமேடைக்காரி ரைலி சாரெலா.
கோதுமை வேகன் உள்ளே வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்து எழுதினால் சீட்டு.
மாலையில் மூக்கைச் சிந்தினால் மஞ்சளாய்த் தூசு.
தூசும் ஒரு பொறியும் சந்தித்தால் கிடங்கே போய்விடும்;
சுவரெல்லாம் அதற்கு எச்சரிக்கைப் பலகை.

இரவில் அவளுக்கு வேறு தூசு.

வால்மீன் ஒன்றை ஒட்டிப் போய்
ஏந்தி வந்தது ஒரு விண்கலம்.
ஏந்தியது ஏரோஜெல்:
புகை கட்டியானதுபோல் இருக்கும், ஏறக்குறைய காற்றுதான்.
துப்பாக்கிக் குண்டைவிட விரைந்து வருவதும்
அதற்குள் போய் அடங்கி நிற்கும்.
ஒரு முகத்தில் வால்மீனின் பொடி.
மறுமுகத்தில்
விண்மீன்களுக்கு நடுவிலிருந்து
யாரும் அனுப்பாமல் வருகிறவை,
வந்திருந்தால்.

வந்திருக்கிறதா என்று தேட
ஆய்வகத்தில் கண்கள் போதவில்லை; ஊரைக் கூப்பிட்டார்கள்.
ரைலி சமையல் மேசையில் கணினியை வைத்துப்
படம் படமாய் இறங்குகிறாள்.
மேலே கீறல், அடியில் மங்கல், ஒன்றுமில்லை, அடுத்தது.
நடுநடுவே பொய்த்தடம் செருகி
அவளையும் சோதித்தார்கள். கோபமில்லை.
எடைமேடைக்கும் படிக்கல் வைத்துப் பார்ப்பதுண்டுதானே.

ஏரி இறுகி, கப்பல் வராத பிப்ரவரி.
நாலாயிரத்துச் சொச்சமாவது படத்தில்
கேரட் மாதிரி ஒரு துளை,
நுனியில் கருப்பாய் ஓர் இம்மி.
ஃபிரிட்ஜின் முனகல்கூட இடைஞ்சலாயிருந்தது.
நாயை எழுப்பிக் காட்டினாள்.
அது திரையை முகர்ந்துவிட்டுத்
திரும்பப் படுத்துக்கொண்டது.

பதினோரு மாதம் கழித்துக் கடிதம்.
தடம் மெய்தான். ஆனால்
வந்த சாய்வு இடிக்கிறது; செரியம் இருக்கிறது.
எங்கள் கலத்தின் சூரியத் தகட்டுக் கண்ணாடியில்
ஏதோ பட்டுத் தெறித்த சில்லு அது.
பட்டது எது என்று தெரியவில்லை. நன்றி.

எட்டு அணு ஒரு தேர்த்துகள்
என்பது நம் பழைய வாய்பாடு.
தேர் போனபோது எழுந்த தூசியை
அளவாக்கி வைத்தவர்கள்
தேரில் இருந்தார்களா, ஓரமாய் நின்றார்களா?
ரைலிக்கு இந்தச் சொல் தெரியாது.
கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.
“வண்டி எடை” என்றாள் நாயிடம்.
கழிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டது,
கண்ணாடியில் பட்டு எங்கோ போனது,
ஒருவரும் நிறுத்துப் பார்க்காதது,
அவளைத் தூங்கவிடவில்லை.
கம்பளிக் காலுறையோடு எழுந்து வந்து
விளக்கைப் போடாமல்
அடுத்த படத்தைத் திறந்தாள்.