பி. மாதம்மாள்

போர்ட் எட்டாயிரம் திறந்தாயிற்று.
சான்றிதழில் நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன்,
பிரவுசர் ஒவ்வொரு முறையும் சந்தேகப்படும்.
படட்டும்.

தர்மபுரிக் கல்லூரியின் புள்ளியியல் துறையில்
இந்த சர்வர் பதினான்கு மாதம்
அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது,
விடைத்தாள் கட்டுகளுக்கு முட்டுக்கொடுத்து.
தொகுப்பூதியத்தில் நான் சேர்ந்த மறுநாள்
"தீர்த்தகிரி, இது என்னன்னு பாருப்பா" என்றார்கள்.
பார்த்தேன்.

இரண்டு ஷிப்டிலும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர்.
ஆளுக்கொரு கண்டெய்னர்.
லாக்-இன் செய்ததும் பிறக்கும்,
ஒரு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் கலையும்.
ரேம் ஆளுக்கு ஐந்நூறு எம்பி, ரேஷன் சர்க்கரை மாதிரி.
அதற்குமேல் கேட்டால் கேட்டது செத்துப்போகும்,
அடுத்த வீட்டுக்குச் சத்தம்கூடக் கேட்காது.
நோட்புக்குகள் இருக்கும் வீடு மட்டும்
வெளியே, தனி வால்யூமில்.
முதல் வாரம் அதை இணைக்க மறந்து
மொரப்பூர் பையன் ஒருவனின் மூன்று நாள் கணக்கு
காற்றோடு போனது வேறு கதை.
அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பெயர்ப்பட்டியலில்தான் சிக்கியது.
பெ. மாதம்மாள், காலை ஷிப்ட், பென்னாகரம் பஸ்.
பா. மாதம்மாள், மாலை ஷிப்ட், பாலக்கோடு பஸ்.
தமிழில் ஒருத்திக்குக் கொம்பு, ஒருத்திக்குக் கால்,
குழப்பமே இல்லை.
ஆங்கிலத்தில் இருவரும் ஒரே பி.
யோசித்து
ஒருத்திக்குப் புள்ளி வைத்தேன்
ஒருத்திக்குக் கோடு போட்டேன்
இரண்டு கணக்கு, இரண்டு கடவுச்சொல்.
டீ குடிக்கப் போய்விட்டேன்.

வால்யூமுக்குப் பெயர் வைக்க நான் எழுதியிருந்த வரி
எழுத்தையும் எண்ணையும் வைத்துக்கொண்டு
மற்றதையெல்லாம் உதறிவிடும்.
புள்ளி போனால் மெய்மேல் உயிர் ஏறும் என்று
ஆறாம் வகுப்பில் படித்தது.
இங்கே புள்ளி போனதில்
இரண்டு உயிர்,
ஒரு மெய்.

பதினொரு நாள்.

காலையில் பெ. மாதம்மாள்
கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடு அளவுகளை ஏற்றி
பாதியில் பிழை வாங்கிக்கொண்டு போவாள்.
சாயங்காலம் பா. மாதம்மாள்
தக்காளி விலையோடு வந்து
அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்து
சார்தான் பயிற்சிக்கு வைத்திருக்கிறார் என்று
விடுபட்ட காற்புள்ளியைப் போட்டுவைப்பாள்.
மறுநாள் இவள்,
சர்வர் தானே திருத்திக்கொள்ளும் போல என்று மகிழ்ந்து
தக்காளி விலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளைச்
சராசரியால் நிரப்பினாள்.
ஆறாம் நாள் ஒரு செல்லில்:

# யார் இது?
# மாதம்மாள்
# விளையாடாதே. நான்தான் மாதம்மாள்

பன்னிரண்டாம் நாள் டிஸ்க் கணக்கு எடுத்தேன்.
நாற்பத்திரண்டு பேர்,
நாற்பத்தொரு வீடு.

மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்தது.
ஒருத்தி கதவை இன்னொருத்திக்குத் திறந்துவிட்டவன் நான்.
அந்த வரியைத் திருத்தினேன்.
வீட்டை நகலெடுத்து ஆளுக்கொன்றாகப் பிரித்தேன்.
ஷிப்ட் மாறும் ஒன்றரை மணிக்கு
இருவரையும் வரச்சொல்லி, ஒப்புக்கொண்டேன்.
திட்டுவார்கள் என்று நின்றேன்.
ஒருத்தி இன்னொருத்தியின் கைப்பையைப் பார்த்தாள்
அவள் இவள் செருப்பைப் பார்த்தாள்.
பிறகு பாலக்கோட்டுக்காரி என்னிடம் சொன்னாள்:
"பதினெட்டாவது செல் இன்னும் ஓடல சார்.
இவங்களோடது.
இன்னைக்குப் பாக்கலாம்னு இருந்தேன்."

பொது என்று ஒரு வால்யூம் சேர்த்தேன்.
படிக்க மட்டும் என்று எழுதி
அழித்து
எழுதவும் என்று மாற்றினேன்.

இனி ஹப்பை நிறுத்தித் துவக்க வேண்டும்.
கரண்ட் போய் யூபிஎஸ் கத்துகிறது,
இருபது நிமிடம் தாங்கும்.
எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்.
ஒரே ஒரு கண்டெய்னர் மட்டும் இன்னும் ஓடுகிறது.
மொரப்பூர்.

விரலை எடுத்துவிட்டேன்.
அவன் சேமிக்கட்டும்.