ஒரு வேளைக்கு

மல்லி சுற்றி வந்த தாளில்தான் இருந்தது.
ஆடாதோடை இலை ஒரு பங்கு,
சாராயம் ஐந்து பங்கு,
இருட்டில் பதினான்கு நாள்,
தினம் ஒருமுறை குலுக்கவும்,
வடித்தபின் ஒரு வேளைக்கு
என்பதோடு தாள் கிழிந்திருந்தது.
பசறை டவுனில் யாரோ
மிச்சத் தாளில் சீரகம் கட்டிப் போயிருப்பார்.

இலைக்குப் பஞ்சமில்லை.
பிள்ளைக்காம்பராவின் பின்வேலியே அதுதான்.
ஆடு தொடாது என்று
பேரிலேயே சொல்லி வைத்திருக்கிறது.

சாராயம்தான் பாடு.
தவறணையில் பெண்ணுக்குக் கொடுக்கமாட்டார்கள்.
கொழுந்து நிறுக்கிறவரிடம் சொன்னால்
விளக்கு வைப்பதற்குள் லயம் முழுக்கத் தெரியும்.
பாண் ஆட்டோ ஜயதிஸ்ஸவிடம் காசைக் கொடுத்தேன்.
மருந்துக்கு, என்றேன்.
எல்லாருக்கும் மருந்துக்குத்தானே நங்கி, என்று
மறுநாள் இரண்டு றாத்தல் பாணுக்கு நடுவே
கால் போத்தலை நீட்டினான்,
ஆட்டோவின் பாட்டை நிறுத்தாமலே.

மருதமுத்துவுக்கு இருமல்
ஃபெக்டரியின் சல்லடை அறையில் பிடித்தது.
தூள் பறக்கிற அறை.
இரவு பன்னிரண்டுக்குத் தொடங்கும்,
தகரத்தை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு
லயத்தின் நீளத்துக்கும் நடப்பது போல.
ஏழாம் காம்பராவில் சுவரைத் தட்டுவார்கள்.
டிஸ்பென்சரியில் சிரப் முடிந்து மூன்று கிழமை.

மாமைட் போத்தல் நல்ல இருட்டு.
அரிசி வாளிக்குள் புதைத்தேன்.
பிரட்டுக்கு ஓடுமுன் ஒரு குலுக்கு.
மூன்றாம் நாள் விரலில் தொட்டு நக்கினேன்,
காது வரைக்கும் கசந்தது.
ஐந்தாம் நாள் மழை.
ஆறாம் நாள் மறந்து, பாதி மலை ஏறியபின் நினைவு வந்து
வெறுங்கையைக் குலுக்கிப் பார்த்தேன்.
பக்கத்து நிரையில் ஜெபமலர்
அட்டை கடித்ததா என்றாள்.

பதினோராம் நாள் மூடியைத் திறந்தேன்.
அளவு குறையவில்லை.
மேலே மட்டும் வெள்ளையாய் ஓர் ஏடு.
சாராயத்தில் பூஞ்சணம் பிடிக்காது,
அது எனக்குத் தெரியும்.
மூக்கருகே கொண்டுபோனேன்.

பிளேன்டீ.
நம் வீட்டு டஸ்ட், இரண்டாம் ஊற்று.

விடிந்தால் அடைந்தால் தேயிலைக்குள் நிற்கிறவளிடம்
தேயிலையை ஒளிக்கப் பார்த்திருக்கிறான்.

காசு நினைவுக்கு வந்தது. ஜயதிஸ்ஸவின் சிரிப்பும்.
சண்டைக்கு வேண்டிய சொற்களை அடுக்கிக்கொண்டு
பாயில் விழித்துக் கிடந்தேன்.
பன்னிரண்டுக்கு இருமி எழும்புவான்,
அப்போது பிடித்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு போனது.
கோயில் பக்கம் நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது.
ஒன்றரைக்கு ஏழாம் காம்பராக்காரன் தொண்டையைச் செருமினான்,
சத்தமில்லாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை போல.
இவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.
நெஞ்சு ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.
எத்தனை இரவாய் இப்படி?
நானும் தூங்கியிருக்கிறேன்,
அதனால் தெரியவில்லை.

இருமல் இலைக்குக் கேட்டதா,
சாராயத்துக்குக் கேட்டதா,
அந்தத் தாளிலும் இருக்காது.

விடிந்ததும் போத்தலைக் கழுவிக் கவிழ்த்தேன்.
பாண் ஆட்டோவின் பாட்டு
கீழ் வளைவில் கேட்டபோது
காசை எண்ணி முந்தானையில் முடிந்தேன்.
பீலியடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.
ஒன்றுதான் கேட்டேன்:
எத்தனை மிடறு?

கை நின்றது.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன்
நுரையைத் துப்பிவிட்டு, மலையைப் பார்த்து,
ரெண்டு, என்றான்.
கொஞ்சம் பொறுத்து:
சம்பளத்தன்னைக்கு மூணு.

மல்லித் தாளைத் தேடி எடுத்தேன்.
கிழிந்த விளிம்புக்குக் கீழே இடமில்லை.
பின்பக்கம் எழுதினேன்,
ஒரு வேளைக்கு ஒரு கரண்டி,
சம்பளத்தன்றும் ஒன்றுதான்.
பிறகு தாளைத் திருப்பி,
தினம் ஒருமுறை குலுக்கவும் என்பதற்குப் பக்கத்தில்
அவன் பேரை எழுதினேன்.